செருப்போடு வந்த கோச்

2024 ஜூலை 14, ஞாயிறு. ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சி, காபி குடித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஆறேகாலுக்கு ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் நந்தனம் மைதானத்துக்குக் கிளம்பினேன். காலில் பூட்ஸ் இல்லை, ரப்பர் செருப்பு.

ஆபீஸ் கால்பந்து அணியில் பல வருடம் நடுக்களத்தில் ஆடியவன் நான். முழங்கால் கெட்ட பிறகு, எங்கள் கிளப் என்னைக் கோச்சாகப் போட்டு ஒரு மாதம் பார்ப்பதாகச் சொன்னது. பயிற்சியில் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துவேன். விளக்கிச் சொல்வதற்குப் பதில் பந்தை வாங்கி நானே ஆட ஆரம்பித்துவிடுவேன். மற்றவர்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பார்கள்.

"கோச் ஆடிக்கினு இருக்கட்டும், வா மச்சி, டீ குடிச்சிட்டு வரலாம்" என்பார் எங்கள் கோல்கீப்பர். ஜாம்பஜாரில் தையல் கடை வைத்திருப்பவர், அணியில் மூத்தவர்.

சனிக்கிழமை கிளப் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு மேட்ச் பாத்துட்டு முடிவு பண்ணிடலாம் சார். ஆடுறதுக்கு நம்மகிட்ட ஆள் இருக்கு."

விஷயம் தெரிந்ததும் கோல்கீப்பர்தான் வழி சொன்னார். "பூட்ஸை வூட்லயே வுட்டுட்டு வா நைனா. செருப்புல இன்னா ஆடுவேன்னு பாக்கலாம்."

ஞாயிறு ஆட்டத்தின் இடைவேளையில் நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். ஆடிக் காட்டலாம் என்று பழக்கத்தில் பந்தை இழுத்தேன். ஈரப் புல்லில் செருப்பு கழன்று பறந்தது.

"கோச்சு செருப்பால அடிக்கிறாரு, உஷார்" என்றார் கோல்கீப்பர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வேறு வழியில்லாமல், "நீங்களே சொல்லுங்க, அங்க என்ன நடக்குது?" என்று கேட்டேன்.

இடப்பக்கத் தடுப்பில் ஆடும் இடது பேக் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவங்க ரைட் சைடு ஆளு முன்னாடி ஏறிட்டா திரும்பி வரதில்ல கோச். அவன் பின்னால எடம் காலியா கீது. நான் ஏறட்டா?"

நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்று அவருக்கு உத்தரவு போட்டிருந்தவன் நான்தான். வெளியில் நின்று பாதி ஆட்டம் பார்த்தும் அந்தக் காலி இடம் என் கண்ணில் படவில்லை.

"ஏறுங்க" என்றேன்.

இரண்டாம் பாதியில் அவர் கொடுத்த பந்தில் கோல் விழுந்தது. ஆட்டம் சமன். செயலாளர் கை கொடுத்து, "லீக்குக்கும் நீங்களே பாத்துக்குங்க சார்" என்றார்.

இடது பேக் கொட்டாவி விட்டபடி பையைத் தூக்கினார். பெருங்குடி கம்பெனிகளுக்கு இரவில் கேப் ஓட்டுகிறவர். தூங்காமல் நேராகக் காலைப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார் என்பதை அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக மைதான அலுவலகத்துக்குப் போய், எங்கள் பயிற்சியை மாலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன்.