உபவேந்தர் வீட்டு வாசலில் ஒரு பெரட்டு

பெரிய இடத்துப் பெண்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி நடத்துகிறவள், அங்கேயே தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். வருவார்கள், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பக்கெட் கொடுத்துப் படம் எடுப்பார்கள், கைகழுவத் தண்ணீர் கேட்பார்கள், போய்விடுவார்கள். பிறகு வாசலில் கிடக்கும் பிஸ்கட் உறைகளைப் பொறுக்குகிறவள் நான்.

அதனால் முன்பள்ளி விழாவுக்குப் பதுளைப் பல்கலைக்கழக உபவேந்தரின் மனைவி வருகிறார் என்று சொன்ன அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றேன். லயத்து வாசலெல்லாம் கூட்டி, ஒரு நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். தோட்டத்து மேலாளரைத் துரை என்றும் அவர் மனைவியைத் துரைசாணி என்றும் சொல்லிப் பழகிய ஜனம். இந்த அம்மாவையும் துரைசாணி கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். வந்தவர் பருத்திச் சேலையைத் தூக்கிச் செருகி, காலில் ரப்பர் செருப்போடு இருந்தார். பண்டாரவளையில் கடை வைத்திருந்தவரின் மகளாம். நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். என் தோளில் காய்ச்சலோடு கிடந்த முன்பள்ளிச் சின்னவனைத் தூக்கி அதில் படுக்க வைத்துவிட்டு, இவனை ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று என்னைக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. தாயும் தகப்பனும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள், மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது என்று நானும் வெடுக்கென்று கேட்டேன். சரி, நீங்கள் பிள்ளைகளைப் பாருங்கள், நான் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டு, விழாவுக்கு வந்தவர் விழாவை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். பேச எழுதி வந்த தொழிற்சங்கத் தலைவருக்கு முகம் தொங்கிப்போனது. அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

அதற்குப் பிறகு அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அக்காவின் வேலை இன்னதென்று யாராவது கேட்டால் சொல்வது கஷ்டம். வாரத்தில் பாதி நாள் பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் நிற்பார். எங்கள் ஆட்களுக்குச் சிங்களம் அரைகுறை. எங்கே வலிக்கிறது, எவ்வளவு நாளாக வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அக்கா பக்கத்தில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்குச் சொல்வார், வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டதையும் கேட்டு வாங்கிச் சொல்வார். வரிசையில் நிற்கும்போது யாராவது நீங்கள் யார் என்று கேட்டால், இவங்களோட வந்தேன் என்பாரே தவிர, கணவர் யார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானாக இருந்தால் முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருப்பேன்.

கணவரை நாங்கள் சேர் என்போம். அக்கா "எங்க வீட்டு உபவேந்தர்" என்பார், கொஞ்சம் கேலியாக, கொஞ்சம் பெருமையாக. சேர் தங்கமான மனுஷன். ஆறிப்போன சோற்றைத் தானே சூடாக்கிச் சாப்பிடுவார், ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டார். பட்டமளிப்பு விழாவுக்கு மட்டும் அக்கா கட்டாயம் போவார். ஒரு வருஷம் காலையில் பூனாகலைத் தோட்டத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு, நேரே வந்து பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வழிந்து சேலைக் கரையெல்லாம் நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரிய மனுஷி பதறிப்போய் டொக்டரைக் கூப்பிடப் பார்க்க, அட்டைதான், வயிறு நிறைந்து தானாக விழுந்திருக்கும் என்று இவர் சமாதானம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்ட அக்காவே திகைத்துப்போய் ஒரு நாள் காலையில் எனக்குப் போன் எடுத்தார். "உங்க தோட்டத்து ஐயா ஒருத்தர் மகளோட வந்து வாசல்ல நிக்கிறாரு. சொல்றது புரியுது, எதுக்குச் சொல்றாருன்னு புரியல. நீ கொஞ்சம் வா." யாரென்று எனக்குக் கேட்காமலே தெரிந்தது. என் லயத்தில் நாலாவது வீட்டுக்காரர். அவருடைய இளைய மகள் உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் செய்து, மொனராகலை தாண்டிக் கிழக்கே, கடலோரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். எங்கள் லயத்தில் அப்படி ஒரு பிள்ளை முதல் தடவை. அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன் என்று தகப்பன் ஒரே பிடியாக நின்றார். பதிவதற்கான நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் போனபோது அவர் உபவேந்தர் வீட்டுப் படிக்குக் கீழே, கை கட்டி, தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மகள் ஒரு அடி பின்னால். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடத்துக்குப் பெரட்டு என்று பேர். வீட்டில் பிள்ளை வேலைக்கு ஏற்ற வயசுக்கு வந்துவிட்டால், தகப்பன் அதைப் பெரட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் துரை முன்னால் நிறுத்தி, பேர் பதிந்து விடுங்கள் என்று கேட்பார். மனுஷன் அதையே இங்கே செய்கிறார். பல்கலைக்கழகத்துக்கும் ஒரு துரை இருக்கிறார், விடிந்ததும் போய் நின்றால் மகளின் பேரைக் கிட்டே பதுளையிலேயே பதிவார் என்று நினைத்துவிட்டார்.

சேர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே வந்து, பொறுமையாகத்தான் சொன்னார். யாருக்கு எந்த இடம் என்பதைக் கொழும்பில் பரீட்சைப் புள்ளி பார்த்துத் தீர்மானிக்கிறார்கள், உபவேந்தர் நினைத்தாலும் மாற்ற முடியாது, மகள் கெட்டிக்காரி, கிடைத்த இடத்துக்கே அனுப்புங்கள் என்றார். தகப்பன் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க தொர" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். விஷயம் முடிந்தது என்று சேர் நினைத்தார். எனக்குத் தெரியும், முடியவில்லை. பெரட்டில் துரை முதல் தடவை இல்லை என்று சொன்னால் அது இல்லை என்று அர்த்தம் இல்லை. நாளைக்கும் வந்து நில் என்றுதான் அர்த்தம்.

மறுநாள் விடிய வந்து நின்றார். அதற்கு அடுத்த நாளும். சேருக்கு வாசலுக்கு வரவே சங்கடமாகி, ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்துகிற மனுஷன் பின்பக்கத்துக் குசினிக் கதவு வழியாக வேலைக்குப் போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் கசங்காத சட்டை போட்டுக்கொண்டு வந்து பேசாமல் நின்றது.

அக்கா அன்றைக்கு இரண்டு பிளேன்டீயோடு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தகப்பனையும் உட்காரச் சொல்லி, தூரம்தான் பயமா என்று கேட்டார். அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகுதான் மூத்த மகளைப் பற்றிச் சொன்னார். அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பியிருந்தார். ஒரு வருஷம் எந்தத் தகவலும் இல்லை. கூட்டிக்கொண்டு போன தரகரைப் பிடித்துக் கேட்டால், கொண்டுபோய் விட்டதோடு என் வேலை முடிந்தது என்று கையை விரித்துவிட்டான். அவளாக ஒரு நாள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று இன்று வரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

"தூரம் இல்லங்கம்மா," என்றார். "தோட்டத்துல பிள்ளைய வேலைக்கு விட்டா கங்காணி பொறுப்பு, அவருக்கு மேல தொர பொறுப்பு. என்னமும் ஆச்சுன்னா போயிக் கேக்க ஒரு மூஞ்சி இருக்கு. அங்க யாருங்க பொறுப்பு?"

அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். போய்ப் பார்ப்போம், பிடிக்கவில்லையென்றால் திரும்பி வந்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். சேர் வாகனம் தருகிறேன், அங்கே இருக்கிற உபவேந்தருக்கும் ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றார். அக்கா இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டார். உங்கள் வாகனத்தில் போனால் அவருக்கு வழி தெரியாது. பஸ்ஸில் போனால் அடுத்த தடவை தனியாகவே மகளைப் பார்க்கப் போய்வருவார் என்றார். சொகுசாகப் போகலாம் என்று நினைத்திருந்த எனக்கு எரிச்சல்தான். ஆனால் அந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்றும் இருந்தது.

அப்படி நாலு பேரும் பஸ்ஸில் போனோம். பசறை தாண்டி இறங்க இறங்க வெக்கை ஏறியது. மொனராகலைக்கு அப்பால் அந்தத் தகப்பன் போனதே இல்லை. எந்த இடத்தில் மாறினோம், எந்த பஸ், எங்கே தண்ணீர் குடித்தோம் என்று ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். மலை முழுதும் மறைந்த பிறகு, எங்கே பார்த்தாலும் வானமாகவே இருக்கிறதே என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

பெண்கள் விடுதியில் பொறுப்பாக இருந்த அம்மா நல்லவர்தான், ஆனால் தலைக்கு மேல் வேலை. தகப்பன் கை கட்டி நின்று, நீங்கள்தான் என் பிள்ளைக்குப் பொறுப்பா என்று கேட்டார். இங்கே படிக்கிறவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை, ஒவ்வொருவரையும் நான் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று அவர் உள்ளதைச் சொன்னார். அவ்வளவுதான், இவர் குனிந்து மகளின் பையைத் தூக்கிவிட்டார். "வா தாயி, போவோம்."

நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். நான் பொறுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் பையைக் கீழே வைத்துவிடுவார். அவரும் திரும்பி அக்காவைத்தான் பார்த்தார்.

"நீங்க பொறுப்பு எடுங்கம்மா. நான் விட்டுட்டுப் போறேன்."

"நான் எடுக்க மாட்டேங்க ஐயா," என்றார் அக்கா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் பதுளையில இருப்பேன். இவளுக்குக் காய்ச்சல் வந்தாலோ, எவனாவது வம்பு பண்ணாலோ நான் வந்து சேர ஒரு பொழுது ஆகும். கூப்பிட்டா வருவேன், அது வேற. ஆனா எப்பவும் இவகூட இருக்கப் போறது யாரு? அவகிட்ட நீங்க ஒரு வார்த்தையும் கேக்கலையே."

உண்மைதான். அத்தனை காலையும் அந்தப் பிள்ளை அந்த வாசலில் நின்றது. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. தகப்பன் பையை இறக்காமலே அவளைப் பார்த்தார்.

"அக்காளுக்கு ஆன மாதிரி ஒனக்கு ஆகாதா?"

"அக்காவ உள்ள வச்சு அவங்க பூட்டுனாங்கப்பா, எங்கிட்ட மட்டும் சொல்லுச்சு," என்றாள். அவள் குரலையே நான் அன்றைக்குத்தான் சரியாகக் கேட்டேன். "இங்க ரூம் சாவி எங்கிட்ட இருக்கும். பஸ் எங்க நிக்கும்னு பாத்துக்கிட்டேன். பிடிக்கலைன்னா நானே வந்துருவேன். எனக்குப் படிக்கணும்பா."

விடுதி அம்மாவைக் கூப்பிட ஆள் வந்தது. அந்த அம்மா போகாமல் நின்றார். தகப்பன் பையை மகள் கையில் கொடுத்தார்.

"சரி தாயி. ஒன்ன ஒங்கையிலயே குடுத்துட்டுப் போறேன். பத்தரமா வச்சுக்க."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அவர் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் முன் இருக்கையில் தூங்கிவிட்டார். அக்கா ஜன்னல் பக்கம். ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த மனுஷனை இவ்வளவு அழவிட்டிருக்க வேண்டாமே என்று நான் பொரிந்து தள்ளினேன். அக்கா கோபப்படவில்லை. வெளியே மலை மறுபடி தெரியத் தொடங்கியது.

"எங்கப்பா ரொம்ப நல்லவரு," என்றார் அப்புறம். "மணவறையில என் கையப் பிடிச்சு எங்க வீட்டு உபவேந்தர் கையில குடுத்தாரு. அவரும் இத்தன வருஷமா என்னை நல்லாத்தான் வச்சிருக்காரு. ஆனா என்னை எங்கையில குடுக்கலாம்னு அன்னைக்கு ஒருத்தருக்கும் தோணல. எனக்கும் தோணல."