இருபத்திரண்டு கார்களும் ஒரு நடைபாதையும்

இந்த ஊரில் ஓர் அதிசயம்: கூட்டத்தில் "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுவிட்டு, உண்மையாகவே பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். ஊரக வளர்ச்சித் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவனுக்கு இது புதிது. நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே மிக்சர் தட்டு கிளம்பிவிடும். திண்டிவனத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் மனைவியும் கனடாவில் குடியேறிய இந்தக் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். இருபத்திரண்டு வீடுகளில் கார். எங்களுக்கும் மூன்றாம் மாடி ரோசா அம்மாளுக்கும் கால்தான். குளிர்காலத்தில் கார் நிறுத்துமிடத்தில் மட்டும் பனி அள்ளினால் போதும், பஸ் நிறுத்தத்துக்குப் போகும் நடைபாதைக்கு வேண்டாம் என்று சங்கத்தில் தீர்மானம் வந்தது. போன பனிக்காலத்தில் அங்கேதான் ரோசா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கூட்டத்தில் அவர் தலை குனிந்திருந்தார். தலைவி லிண்டா அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்தபடி காத்திருந்தார்.

அந்த மௌனத்தில் எனக்கு அஞ்சலை நினைவுக்கு வந்தார். விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமசபை; நான் அரசு அனுப்பிய பற்றாளர். ஏற்கெனவே தார் ரோடு இருந்த பெரிய தெருவுக்குச் சிமெண்ட் போடுவதா, சேறாய்க் கிடந்த காலனித் தெருவுக்குப் போடுவதா என்பது விஷயம். கை எண்ணினால் பெரிய தெருதான் ஊர். காலனி வார்டு உறுப்பினர் அஞ்சலை எழுந்தார். "மழை பேஞ்சா எங்க புள்ளைங்க செருப்பைக் கையில புடிச்சிக்கினு ஸ்கூலுக்குப் போவுதுங்க சார்." பெரிய தெருக்காரர் ஒருவர் பெருந்தன்மையோடு, "எங்க தெருவுல நடந்து போயேம்மா, யாரு வேணான்னது?" என்றார். சிரிப்பு. தீர்மானப் புத்தகத்தில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று முந்தின நாளே எழுதி வைத்திருந்தார்கள், அதுதான் வழக்கம். அஞ்சலை எட்டிப் பார்த்தார். "நான் கை தூக்கலியே சார், என்னையும் சேத்து எப்படி எழுதிக்கினீங்க?" "ஃபார்மேட்டே அப்படித்தாம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

லிண்டாவின் பார்வை என்னிடம் வந்தபோது என் கை மேலே இருந்தது. அவர் இரக்கப்பட்டார். "பஸ்ஸுக்குப் போவதென்றால் சொல்லுங்கள், நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன்." பெரிய தெரு இங்கேயும் வந்துவிட்டது, கம்பளிச் சட்டையோடு. "உங்கள் கார் வேண்டாம் அம்மா, எனக்கு வழி வேண்டும்" என்றேன். பிறகு சங்க விதிகளைப் பிரித்தேன். எந்த வீட்டாருக்கும் உரிய பொது வழியை, எத்தனை கை தூக்கினாலும், பயன்படாமல் செய்யக் கூடாது. அந்தப் புத்தகத்தை முழுதும் படித்த ஒரே குடியிருப்பாளன் நான். வேறு பொழுதுபோக்கு இல்லை. தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. ரோசா என் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டார். நன்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

பெருமை தாங்காமல் அஞ்சலைக்குப் போன் செய்தேன். இப்போது அவர் ஊராட்சித் தலைவர். காலனிக்கு ரோடு போன வருஷம்தான் வந்ததாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏன் சார், அந்த மாரி ஒரு ரூலு அப்ப நம்ம பொஸ்தகத்துல இல்லியா?" என்றார்.

எதிர்ப்பையும் பதிவு செய்யச் சொல்லும் விதி இருந்தது. எந்தப் பக்கத்தில் என்றுகூட எனக்குத் தெரியும்.

"இருந்துச்சும்மா."

அவர் சிரித்துவிட்டார். "போவட்டும் சார். திண்டிவனம் வந்தா நம்ம சபைக்கு ஒரு எட்டு வாங்க. தீர்மான நோட்டு இப்ப என்கிட்டதான் கீது. ஆட்சேபணை உண்டான்னு கேட்டுட்டு ஜல்தியா முடிக்க மாட்டேன், உங்க மூஞ்சையே பாத்துக்கினு நிப்பேன்."

முதல் பனி விழுந்த காலையில் நடைபாதை சுத்தமாக இருந்தது. காலில் கனத்த பூட்ஸ், பனி உருகக் கீழே தூவிய உப்பு நறநறத்தது. உறை மாட்டிய கை மட்டும், யாருடையதோ ஒரு ஜோடிச் சின்னச் செருப்பைப் பிடித்துக்கொண்டு வருவதுபோல் மடங்கியே இருந்தது.