ஐந்து வருஷ டப்பா

மாஸ்டரம்மாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டில் மூன்றாவது ஆளாக நிற்கிற கார். அவள் புருஷன் ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், அதனால் மாஸ்டர். அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவள் மாஸ்டரம்மா. அவளுக்கு மட்டும் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளப் போன முதல் நாளே சண்டை மூண்டு, நடுத்தெருவில் இறங்கி நடந்தே வீடு வந்து சேர்ந்தவள், அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

கோடையில் மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு முக்கால்வாசி போய்விட்டது. மூக்கின் மேல் இருக்கிற கோபம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் ஹோட்டல் சலவைக்கூடத்தில் பகலெல்லாம் நின்றபடி விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவாள். வீட்டுக்கு வந்தால் அவரைத் துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பு விட்டுப் போகும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரைத் தாங்கிப் பிடித்துக் கார் நிற்கும் திறந்த கொட்டகைக்குக் கூட்டிப் போய் டிரைவர் சீட்டில் உட்கார வைப்பாள். நல்ல கையால் சாவியைத் திருப்புவார். இன்ஜின் உறுமும். கார் எங்கேயும் போகாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அரைத்தூக்கம் போடுவாள். அந்தக் கொஞ்ச நேரம் அவர் முகத்தில் பழைய மாஸ்டர் வந்து உட்காருவார். அதற்காகவே வாரம் முழுக்க அவளும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மலையூர்க் குளிர் தொடங்கியதும் அவளுடைய தம்பி வந்தான். வந்தவன் சும்மா இருக்காமல் கார் ரேடியேட்டரின் மூடியைத் திறந்து பார்த்தான்.

"அக்கா, இதுல வெறும் தண்ணிதான் இருக்கு! உறையாம காக்கிற கூலன்ட்டே இல்ல. இந்த வாரம் தண்ணி உறையப் போகுதாம். உள்ள உறைஞ்சா இன்ஜின் இரும்பே வெடிச்சுடும்."

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாஸ்டர் விழுந்த அன்று காலையில் பழைய கூலன்ட்டை இறக்கிவிட்டு, உள்ளே கழுவுவதற்காக வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நின்ற வேலை அப்படியே நிற்கிறது.

தம்பி சாயங்காலமே ஒரு சிவப்பு டப்பா வாங்கி வந்தான். "என் வண்டிக்கு இதுதான். ஊத்திட்டா அஞ்சு வருஷம் திரும்பிப் பாக்க வேணாம்."

அஞ்சு வருஷம்! ஒரே ஒரு கவலையாவது அஞ்சு வருஷம் தலையை விட்டு இறங்கும் என்றால் அவள் அந்த டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஆனால் மாஸ்டர் அதைப் பார்த்ததும் முகம் சிவந்து, நல்ல கையால் ஒரே தட்டாகத் தட்டிவிட்டார். டப்பா கட்டிலுக்கடியில் உருண்டது.

"மாமாவுக்கு என்னைப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்று தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

அவளுக்கும் ஆத்திரம்தான். ஆனாலும் மறுநாள் வேலை விட்டு வரும் வழியில், அவர் வழக்கமாகச் சாமான் வாங்கும் உதிரிபாகக் கடையில் அந்த டப்பாவை மேசைமேல் வைத்தாள். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"நல்ல சரக்குதாம்மா. புது வண்டிக்கு. மாஸ்டர் வண்டி ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஈயத்தை உருக்கி ஒட்டினது. இது அந்த ஈயத்தை அரிச்சாலும் அரிக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். பழைய வண்டிக்குன்னே வேற இருக்கு."

"நீலமா, பச்சையா?"

"கலரை நம்பாதீங்க. ஆளாளுக்கு ஒரு கலர்ல விக்கிறான். டப்பா மேல பழைய செம்பு ரேடியேட்டருக்குன்னு போட்டிருக்கும், அதைப் பாருங்க. பாதிக்குப் பாதி காய்ச்சி வடிச்ச தண்ணி கலந்துக்குங்க."

"இது எத்தனை வருஷம் வரும்?"

"ரெண்டு. அப்புறம் மாத்தியே ஆகணும்."

ரெண்டு. அவளுக்கு அழுகையே வந்தது. உலகத்தில் எல்லாரும் புருஷனோடு குடும்பம் நடத்துகிறார்கள், தனக்கு மட்டும் ரேடியேட்டரோடு. சிவப்பு டப்பாவையே ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? அவருக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகினால், அதோடு அந்த முகமும் போய்விடும். ரெண்டு வருஷ டப்பாவையே வாங்கிக்கொண்டு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரைச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, பழைய விரிப்பு ஒன்றைத் தரையில் போட்டுக் காருக்கடியில் மல்லாந்து படுத்தாள். ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்ததும் தண்ணீர் சில்லென்று சட்டைக் கைக்குள் இறங்கி அக்குள் வரை போனது. வாய்க்கு வந்தபடி திட்டினாள். மேலே அவர் ஏதோ முனகினார், சிரிப்பு மாதிரி இருந்தது. குழாயை மூடி எழுந்து, கலந்து வைத்ததை மெதுவாக ஊற்றினாள். வாய் வரை நிரம்பியதும் அவர் இன்ஜினை ஓடவிட்டு, அவள் சொல்லாமலே ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பினார். உள்ளே இருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறி மட்டம் இறங்கியது. மீதியையும் ஊற்றி மூடியை இறுக்கினாள். ஒழுகவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் வலித்தது.

"ரெண்டு வருஷத்துல மறுபடியும் மாத்தணுமாம். இப்பவே சொல்லிட்டேன், அடுத்த தடவை நீங்கதான் கீழ படுக்கணும். என்னால ஆகாது."

அவர் அவள் பக்கம் திரும்பினார். வாய் கோணி, திணறி, கடைசியில் ஒரு வார்த்தை வந்தது.

"சரி."

இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன எதற்கும் அவர் மறுபேச்சில்லாமல் சரி சொன்னதே இல்லை. எப்போதும் போல அவர் எதிர்த்து ஒரு வார்த்தை கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.