குழி பார்க்கிறவர்

சாலையில் யாராவது பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தால் போதும், அவர் வண்டி நின்றுவிடும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கி, விளிம்பில் குந்தி உள்ளே எட்டிப் பார்ப்பார். பின்சீட்டில் காய்கறிப் பையோடு வரும் அவருடைய அக்காவுக்கு இது பழகிவிட்டது. நிழல் இருக்கும் பக்கமாகப் பார்த்து ஒதுங்கிக்கொள்வாள்.

"என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்பார் கடப்பாரைக்காரர்.

"இல்லண்ணே. அந்தக் கறுப்பு கேபிள் எந்தப் பக்கம் திரும்புது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க தோண்டிக்கிட்டு நிக்கறேன்?"

சிரித்தபடி முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துகொள்வார். அலுவலகத்தில் அவருக்குக் குழியார் என்று பெயர். எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் குழி மாமா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று இருந்துவிடுகிறார்.

அவருடைய வேலை என்னவென்று கேட்டால் அக்கா நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். பத்தாவதோடு படிப்பை விட்டவள்தான். ஆனால் இதில் ஒரு வார்த்தை பிசகாது. தீயணைப்பு வண்டிக்கு ஒரு வாக்கி-டாக்கி, ஆம்புலன்சுக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது. தம்பி அந்த மூன்றையும் இன்டர்நெட் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து ஒன்றாகக் கோத்துவிடுகிறான். அப்புறம் மூன்று பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான். அந்த அறையைத் தினமும் கூட்டித் துடைத்து, டீ போட்டுக் கொடுப்பவள் அக்கா. ஆகவே இது கேள்விப்பட்ட கதை அல்ல, கண்ணால் கண்டது.

நெட் அறுந்தால் பேச்சும் அறும் என்பதால் இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு கேபிள் வாங்கியிருந்தார்கள். "பில்லு மட்டும்தான்க்கா ரெண்டு. பள்ளம் ஒண்ணா இருந்தா ஒரே கடப்பாரையில ரெண்டும் காலி" என்பார். கம்பெனிகள் கொடுத்த வரைபடத்தை அவர் நம்பவில்லை. குழி குழியாகப் பார்த்து, இரண்டும் வேறு வேறு தெரு வழியாகத்தான் வருகின்றன என்று தெரிந்துகொண்ட பிறகே நிம்மதியாகத் தூங்கினார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மைக்கின் பொத்தானை அழுத்திய வேகத்தில் பேசினால் முதல் சொல் வழியிலேயே விழுந்துவிடும். ஒரு மூச்சு விட்டுத்தான் தொடங்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அது அவருக்கே ஒட்டிக்கொண்டது. வீட்டில் "இன்னும் கொஞ்சம் போடவா?" என்றால் ஒரு மூச்சு கழித்துத்தான் "வேண்டாம்" வரும். அதற்குள் தட்டில் விழுந்திருக்கும்.

"பொத்தானை அமுக்கிட்டுத்தான் வாயைத் திறப்பியாடா?"

அதற்கும் பதில் ஒரு மூச்சு கழித்துத்தான்.

தீயணைப்பு நிலையத் தலைவருக்கு இந்த ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லை. மீசைக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். நிலையத்துப் பழைய இரும்புக் கோபுரத்து வயர்லெஸ் உயிரை விட்ட பிறகும் அதையே பழுது பார்த்துத் தரச் சொல்லிப் பிடிவாதமாக நின்றார். "நெட்டுல என் பேத்தி பொம்மைப் படம் பாக்கறா. அதுவே பாதியில நின்னு சுத்துது. இதை நம்பி என் ஆளுங்களை நெருப்புக்குள்ள அனுப்பச் சொல்றியா?" கடைசியில், கொஞ்ச காலம் ஓட்டிப் பார்க்கலாம் என்று அரை மனதோடு ஒத்துக்கொண்டார்.

அந்தக் கொஞ்ச காலத்துக்குள்தான் ஒரு பிற்பகலில் மெத்தைக் கிடங்கு பற்றிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் மைக் முன்னால் உட்காரும் பெண், மைக்கம்மா, மூன்று பேரின் பேச்சையும் கோத்துவிட்டிருந்தாள். அக்கா டீத் தட்டோடு உள்ளே வந்தபோது ஸ்பீக்கர் பேசவில்லை. நெருப்புக்கு நடுவிலும் இப்படிச் சில இடைவெளிகள் வரும் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. குழியார் மட்டும் இரண்டு கேபிளும் வந்து சேரும் மூலைப் பெட்டியைப் பார்த்தார். இரண்டு விளக்குகளும் அணைந்திருந்தன.

தன் கைபேசியைப் பெட்டியில் மாட்டி, அதன் நெட்டைக் கொடுத்துப் பேச்சைத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்குள் கிடங்கில் புகையில் மூச்சு முட்டி விழுந்த தீயணைப்பு வீரர் ஏணிக்காரரைச் சக வீரர்கள் பின்படி வழியாக இறக்கி, பின்வாசலுக்கு ஆம்புலன்ஸ் கேட்டுக் கத்தியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் முன்வாசலில் நின்றிருந்தது. ஓட்டுநர் காதில் ஒன்றும் விழவில்லை. கட்டடத்தைச் சுற்றித் தூக்கிக்கொண்டே ஓடினார்கள். ஏணிக்காரர் பிழைத்துக்கொண்டார், ஆனால் வெகுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

கேபிள் அறுந்த இடம் அலுவலக வாசல். ஒழுகிய தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பர் அங்கே கடப்பாரை போட்டிருந்தார். ஊரெல்லாம் தனித்தனியாக வந்த இரண்டு கேபிள்களும் வாசலில் மட்டும் மண்ணுக்கடியில் ஒரே பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைந்திருந்தன. குழியார் தினமும் தாண்டிப் போகிற இடம்.

ஆளாளுக்குப் பிளம்பர் மேல் பாய்ந்தார்கள். "அவரை விடுங்க. தண்ணி ஒழுகற இடத்துலதானே தோண்டியிருக்கார்" என்று குழியார் குறுக்கே நின்றார். பிறகு மீசைக்காரரைப் பார்க்கத் தானே கிளம்பினார். தனியாக அனுப்ப மனமில்லாமல் அக்காவும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"ஊரு பூரா குழி பாத்தியாமே?" என்றார் மீசைக்காரர்.

"பாத்தேன் சார்." ஒரு மூச்சு. "நம்ம வாசலைப் பாக்கல."

மீசைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் ராத்திரி பகல் பாராமல் உழைத்ததைச் சொல்லலாம் என்று அக்கா வாயெடுத்தாள். தம்பி தலையசைத்துத் தடுத்துவிட்டார்.

ஒரு கேபிள் பின்சுவர் வழியாக மாற்றப்பட்டது. மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டு, சிம் கார்டில் ஓடுகிற மூன்றாவது வழியும் வந்தது. தன் கையால் சோதித்துப் பார்க்காமல் இனி ஒருவரையும் நெருப்புக்குள் அனுப்ப மாட்டேன் என்று மீசைக்காரர் சொல்லிவிட்டதால், அவரையே கூப்பிட்டார்கள். வேலைக்குத் திரும்பிய ஏணிக்காரர் அதே கிடங்கின் பின்வாசலில் வாக்கி-டாக்கியோடு நின்று, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். அறையில் அவர் குரல் ஸ்பீக்கரில் ஒலித்தது. குழியார் பெட்டியைத் திறந்துவிட்டு விலகி நின்றார்.

"நீங்களே பிடுங்குங்க சார். எதை வேணும்னாலும்."

மீசைக்காரர் ஒரு கேபிளைப் பிடுங்கினார். எண்ணிக்கை நிற்கவில்லை. இரண்டாவதையும் பிடுங்கினார். குரல் விக்கியது, அடுத்த நொடி மறுபடி வந்தது.

"நடுவுல ஒரு நம்பரைக் காணோமே?"

"ஒண்ணு போகும் சார். போகாதுன்னு சொன்னா பொய்."

மீசைக்காரர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அந்தப் பழைய கோபுரத்தை இறக்கிடுங்க" என்றார். டீ எடுத்துவந்த அக்கா தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"போதும், நிறுத்தச் சொல்லிடட்டுமா?" என்று மைக்கம்மா முன்னால் குனிந்தாள்.

குழியார் உள்ளங்கையால் மைக்கை மூடினார். தலையைச் சாய்த்து ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்தபடி அப்படியே நின்றார். ஏணிக்காரர் எண்ணிக்கொண்டே போனார்.