என் வாயில் பேசியது யார்

தன்னைத் தெரிந்துகொள்வதுதான் பெரிய அறிவு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிரிமார் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய், நடுவயதுக்கு மேல் அங்கேதான் எழுத்துப் படித்தேன். பிரசங்கம் செய்ய வருகிறவர்கள் சுற்றிச் சுற்றி இதையே சொல்வார்கள். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, "எப்படித் தெரிஞ்சுக்கிடணும்னும் சேத்துச் சொல்லிட்டுப் போங்கய்யா" என்று கேட்க நாக்குத் துடிக்கும். கேட்டதில்லை. கேட்டால் நான் என் கதையைச் சொல்ல வேண்டி வரும்.

பெரியவளான வருஷத்திலிருந்து எனக்குச் சாமி வரும். எங்கள் தெரு அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் கொட்டுச் சத்தம் ஏறினால் உள்ளங்காலில் சூடு பிடிக்கும். சூடு முழங்கால் வரை ஏறுவது தெரியும். அதற்குப் பிறகு முகத்தில் மஞ்சள் தண்ணீர் அடிப்பதுதான் தெரியும். நடுவில் என்ன நடந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. மழை வருமா, தொலைந்த மாடு கிடைக்குமா என்று ஜனங்கள் கேட்பார்களாம், நான் சொல்வேனாம். பிறகு யாராவது தேங்காய் பழத்தோடு வந்து, "நீ சொன்ன மாதிரியே நடந்துச்சு தாயி" என்று கும்பிடுவார்கள். நான் அசடு வழிய நிற்பேன்.

கல்யாணமான மறுவருஷமே வீட்டுக்காரர் வாந்திபேதியில் போய்விட்டார். பிள்ளை இல்லை. என் அய்யா வீட்டுக்கே திரும்பி வந்தேன். எங்கள் ஜனத்தில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது உண்டு, அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ராஜபாளையத்திலிருந்து பஞ்சு ஏற்றிவரும் வண்டிக்காரர் ஒருவர் என்னைக் கேட்டு வந்தார். அவரும் பெண்சாதியை இழந்தவர். அதிகம் பேசமாட்டார். வண்டியை அவிழ்த்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பிறகுதான் தான் குடிப்பார். அதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அண்ணன் பெண்சாதி, என் மதினி, கெட்டிக்காரி. "ஏட்டி, வண்டிச் சத்தம் கேட்டாத்தான் ஒனக்கு வாசல் கூட்ட நேரம் வருதோ!" என்று என் இடுப்பில் கிள்ளுவாள்.

அய்யாவுக்கும் சம்மதந்தான். ஆனால் மறுதாலி கட்டுவதென்றால் அம்மனிடம் வாக்குக் கேட்காமல் எங்களில் செய்யமாட்டார்கள். எப்போதும் பூசாரி மேல் சாமி இறங்கித்தான் அந்த வாக்கைச் சொல்லும். அந்த வருஷம் பூசாரி காய்ச்சலில் படுத்துவிட்டார். பொங்கலன்று கொட்டு ஏறியபோது என் உள்ளங்கால் சுட்டது. 'இன்னைக்கு வேண்டாம் தாயே, இன்னைக்கு மட்டும் என்னை விட்டுரு' என்று மனசுக்குள் கெஞ்சினேன். கெஞ்சினால் நிற்குமா?

மஞ்சள் தண்ணீர் முகத்தில் பட்டுக் கண்ணைத் திறந்தேன். அய்யா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைக் கும்பிட்டபடி நின்றார். மதினி அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன மதினி, நான் என்ன சொன்னேன்?"

"'எம்பிள்ளைய எங்கயும் அனுப்பாதிய. அவ கழுத்துல தாலி நிக்காது. கட்டுறவன் உசிருக்கு ஆபத்து. என் வாசல்லயே கெடக்கட்டும்'னு சொன்ன" என்றாள். சொல்லிவிட்டு, "நீ இல்லடி, ஆத்தா சொன்னா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வார்த்தை எனக்குப் புதிது இல்லை. இவரும் போய்விட்டால் என்ன செய்வேன், என் ராசிதான் முதல் வீட்டுக்காரரைக் கொன்றதோ என்ற பயம், வண்டிக்காரர் கேட்டு வந்த நாளிலிருந்து எனக்குள் கிடந்தது. யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அம்மனுக்குத் தெரியாதது ஏது, அவளே அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். இல்லாவிட்டால் கட்டிக்கொள்ளப் பயந்த நானே சாமிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசியிருக்கலாம். எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அய்யா முன்னால் போய் நின்றேன். "எனக்கு அவியளக் கட்டிக்கிடணும்யா. நான் போறேன்" என்று வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"நீ சும்மா கெட. ஒனக்கு என்ன தெரியும்?"

"கோயில்ல சொன்னதும் இதே வாய்தானய்யா!"

"அது ஆத்தா சொன்னது. அத மாத்த நீ யாரு?"

என்ன கூத்து பாருங்கள்! நான் தெரிந்து சொன்ன சொல் செல்லவில்லை. தெரியாமல் என் வாயில் வந்தது சட்டமாகிவிட்டது. யாரிடம் போய் முறையிடுவது? அய்யாவைத் திட்ட முடியாது, அவர் என்னைத்தான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். அம்மனைத் திட்டலாம் என்றால் அவள்தான் பேசினாளா என்று நிச்சயமில்லை. அழுதேன், வேறென்ன செய்ய.

சாமி மறுபடி வந்து மாற்றிச் சொன்னால்தான் வழி என்று ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலில் போய் நின்றேன். கொட்டுக்காரரைக் கெஞ்சி அடிக்கச் சொன்னேன். அவரும் இரக்கப்பட்டு, கை ஓயும் வரை அடித்தார். என் உள்ளங்கால் சில்லென்றே இருந்தது. ஒரு செவ்வாய் பொறுக்கமாட்டாமல் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆடியே பார்த்தேன். மதினி என் கையைப் பிடித்துக் காதோடு, "ஏட்டி, விட்டுரு. அன்னைக்கு ஒன்னையப் பாக்கப் பயமா இருந்துச்சு. இன்னைக்குச் சிரிப்பால்லா வருது" என்றாள். மானம் போயிற்று. அன்றைக்கு நான் நடிக்கவில்லை என்பது மட்டும் இதில் தெரிந்தது. அது எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

புரட்டாசிச் சனிக்கிழமை மதினியோடு ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைக்குப் போனேன். வடக்கே இருக்கிற பெரிய திருவண்ணாமலை இல்லை, இது குன்றின்மேல் பெருமாள் கோயில். அடிவாரத்தில் புளியமரத்து நிழலில் வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன. ராஜபாளையத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அவரும் வந்திருந்தார். மதினி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "செத்த நேரம் இரு, தெப்பக்குளத்துல கால் நனைச்சிட்டு வாரேன்" என்று கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

"ஒங்கய்யா எல்லாம் சொன்னாரு" என்றார் அவர். "அவரு முடியாதுன்னுட்டாரு. நான் ஒன்னையத்தான் கேக்கேன். நீ வாரியா?"

"வாரேன்" என்றேன். தெளிவாக, சத்தமாக, நானே சொன்னேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

அவர் முகமும் மலர்ந்தது. மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணே ஒண்ணு. ஆத்தா சொல்லியிருந்தா சொல்லட்டும், வாரத நான் பட்டுக்கிடுதேன். ஆனா நீயே எனக்கு ஆபத்துன்னு நெனச்சுக்கிட்டு என் வீட்டுல உக்காந்திருந்தா நான் எப்படிப் பொழைக்க? எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் நீ பயந்து சாவ. அன்னைக்குப் பேசுனது நான் இல்லன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு. பொறவு யாரு என்ன சொன்னாலும் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு எட்டும்படி குனிந்தார்.

கையைத் தூக்கிவிட்டேன். கீழே இருந்தது அவருடைய தலை. காதோரம் நரைத்திருந்தது. பொய்ச் சத்தியம் யார் தலையில் அடித்துச் செய்கிறோமோ அவரைத்தான் பிடிக்கும். நான் இல்லை என்று தெரிந்தால் அடித்திருப்பேன். நான்தான் என்று தெரிந்தாலாவது ஒப்புக்கொண்டு அழுதிருப்பேன். எனக்குள் தேடித் தேடிப் பார்த்தேன், இது நான், இது சாமி என்று பிரித்துச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"பண்ணு" என்றார், குனிந்தபடியே.

"எனக்குத் தெரியலயே" என்றேன்.

"ஒனக்கே தெரியலயா?"

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா!" என்று கத்திவிட்டேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் உடனே நிமிரவில்லை. கை இறங்கிவிடும் என்று இன்னும் நம்பினாரோ என்னவோ, குனிந்துகொண்டே இருந்தார். நான் கையை எடுத்துக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்து துண்டைத் தலையில் கட்டினார்.