மில் கேட்டுக்கு எதிரே ஒரு நாற்காலி

புதுச்சத்திரம் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் வேலை பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமைகூட எங்களைப் பெண்கள் ஹாஸ்டலை விட்டு வெளியே விடமாட்டார்கள். ஒரு ஞாயிறு காலையில் ஒரு கன்னியாஸ்திரீ வந்து, கேட்டுக்கு எதிரே மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். குள்ளமான உருவம், சாம்பல் நிறச் சேலை, கழுத்தில் மரச்சிலுவை.

"மதம் மாத்த வந்தீங்களா?" என்றார் மேனேஜர்.

"இல்லீங்க, இந்தப் புள்ளைங்க கடைவீதிக்குப் போறதப் பாக்க வந்தனுங்க. ரோடு பஞ்சாயத்தோடதுதானுங்களே? உக்காந்திருக்கறன்."

வெயில் ஏற ஏற முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாரே தவிர, நகரவில்லை. மதியத்துக்கு மேல் கதவு திறந்தது. அதன்பிறகு வாராவாரம் அப்படித்தான்.

மேனேஜர் மடத்துக்கே போய்ப் புகார் சொன்னார். அடுத்த வாரம் கேட்டருகே நின்று சிரித்தார்.

"உங்களுக்கு மாறுதலாமா, சிஸ்டர்?"

"ஆமாங்க. மதர் போகச் சொன்னா, ஏன்னு கேக்காம ஒரு பையோட கெளம்பிருவோம். எங்க சபையில அதுதான் வழக்கம்."

"அப்பச் சரி."

"எடத்தக் காலியா உடறது வழக்கமில்லீங்க."

அன்று நாற்காலியை எதிர்ப்பக்கத்துக் கரண்ட் கம்பத்தில் சாத்தி வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு, உயரமான வேறொரு சிஸ்டர் வந்து அதை விரித்தார். மேனேஜர் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

முதலில் வந்தவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது எந்த ஊரில், எந்தக் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாரோ. அந்த ஊர் மேனேஜரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.