மெழுகு உருகும் நேரம்

போன சனிக்கிழமை காலை, மலேசியாவில் ஈப்போவை அடுத்த பத்து காஜா ஊரில் எங்கள் சமையலறை முழுக்க ஒரே மெழுகு வாடை.

என் மனைவி விஜயா வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அதிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தாப்பா ஊரில் தன் தங்கைக்குக் கல்யாணம் என்றதும், வரவேற்பு மேசைகளுக்கான மெழுகு விளக்குகளை நானே செய்கிறேன் என்று கிளம்பினாள். "கடையில வாங்கிக்கலாம் அக்கா," என்று தங்கை இழுத்தாள். விஜயா விடவில்லை.

முதல் கண்ணாடிக் குவளையில் விளிம்பு வரை ஊற்றினாள். பார்க்க அழகு! ஆறி இறுகியதும்... திரியைச் சுற்றி ஒரு பள்ளம். மறுநாள் மாலை வரவேற்பு.

"மெழுகு எங்கங்க போச்சு? ஒழுகவும் இல்லையே!"

தராசில் வைத்தாள். ஊற்றியபோது இருந்த எடை அப்படியே இருந்தது. உருகியபோது விரிந்த மெழுகு, இறுகும்போது சுருங்கியிருக்கிறது — அவ்வளவுதான். எவ்வளவு சுருங்கியது? மருந்து கொடுக்கும் சிரிஞ்சால் பள்ளத்தில் தண்ணீர் விட்டு அளந்தாள். குவளையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு!

"அப்ப அந்த அளவு மெழுகை எடுத்து வெச்சு, இறுகுனப்புறம் மறுபடி ஊத்துனா போதும்லா!"

அடுத்த பாத்திரம் ஏறியது. கொதிநீர்ச் சட்டிக்குள் மெழுகு. தெர்மாமீட்டர் விறுவிறுவென ஏறி, பாதி வழியில் நின்றுவிட்டது. அடுப்பு எரிகிறது... எண் அசையவில்லை.

"இது ரோசாக் ஆயிருச்சு லா! மீட்டரே கெட்டுப்போச்சு. நேரமாச்சு," என்றபடி மெழுகுப் பாத்திரத்தை நேராக நெருப்பில் வைக்கத் தூக்கினாள். பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். மெழுகு தீப்பிடித்தால் வீடு என்னாவது?

"உள்ள பாரு. கட்டி இன்னும் கரையுது. சூடெல்லாம் அதுக்கே போகுது," என்றேன்.

பாத்திரத்தைச் சட்டிக்குள் திரும்ப வைத்தாள். "வேலை போனதிலேருந்து எல்லாத்துலயும் அவசரம் எனக்கு," என்றாள் மெதுவாக.

நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். கடைசிக் கட்டியும் கரைந்தது. எண் மறுபடி ஏறத் தொடங்கியது.

எண்ணில் தெரியாத இந்தச் சூட்டுக்கு அறிவியலில் உள்ளுறை வெப்பம் என்று பெயர். மீட்டரில் தெரியாமல் நடக்கும் வேலை நம் வீடுகளிலும் எத்தனை! யார் கவனிக்கிறோம்?

ஞாயிறு மாலை, தாப்பா மண்டபத்தில் மேசைதோறும் விளக்குகள் எரிந்தன. இறுகியபின் மறுபடி ஊற்றியதால் ஒன்றிலும் பள்ளம் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஈப்போவுல எந்தக் கடைம்மா?"

"கடை இன்னும் தொறக்கல அத்தை," என்றாள் விஜயா. "இனிமேதான்."